தந்தை நாய் இறந்துவிட்டால் ஆதாரமும் போய்விடுமா?

கேள்வி: பெங்களூரில் ஒரு பிரீடரிடம் 60,000 ரூபாய் கொடுத்து ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் குட்டி வாங்கினேன். வெளிநாட்டுச் சாம்பியன் நாயின் உறைவிந்து மூலம் பிறந்தது, மரபணுச் சோதனையில் குறை எதுவும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்திருந்தார். இப்போது ஒரு வயதாகிறது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுக் கோளாறு தெரிகிறது. தந்தை பற்றியே சந்தேகமாக இருக்கிறது. கேட்டால், “அந்த நாய் செத்துப் பல வருடமாகிறது, எதையும் நிரூபிக்க முடியாது” என்கிறார். கென்னல் கிளப் சான்றிதழும் உள்ளது. வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: போடலாம். வளர்ப்பவருக்கு அது பிள்ளை மாதிரி என்றாலும், சட்டத்தின் கண்ணில் விலைக்கு வாங்கிய நாய்க்குட்டி ஒரு சரக்கு. இன்ன பொருள் என்று விவரித்து விற்றால், கொடுத்த பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு. நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கு அந்தச் சாம்பியன் தந்தைக்காகத்தான். எனவே தந்தை வேறு என்றால் அது விற்பனையின் அடிப்படையையே தொடும் பொய்.

நிரூபிக்க முடியாது என்ற வாதம் நிற்காது. குச்சி போன்ற மெல்லிய குழாயில் அடைத்த உறைவிந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல்லாண்டு கெடாமல் இருக்கும். தந்தை இறந்தாலும் அதன் மரபணு அந்தக் குச்சியிலேயே இருக்கிறது. எந்த நாய், என்று எடுத்தது என்ற விவரம் குச்சியில் அச்சாகியிருக்கும். உறைவிந்துக்குப் பயன்படும் ஆண் நாயின் மரபணுப் பதிவை அமெரிக்கன் கென்னல் கிளப் கட்டாயமாகவே கேட்கிறது. இயற்கையாக இணை சேர்த்தால் பார்த்தவர் ஒருவராவது இருப்பார். இங்கே காகிதமும் குச்சியும்தான் சாட்சி, இரண்டும் விற்றவர் கையில். தனக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவரவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய 106-வது பிரிவு. புதிய பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 109.

நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு எளிதில் உத்தரவிடாதே என்று தோன்றலாம். 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய அந்தத் தயக்கம் மனிதக் குழந்தையின் பெயரையும் தாயின் மானத்தையும் காக்க வந்தது. நாய்க்கு அந்தக் கவலை இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 2020-இல் ஒரு லாப்ரடாருக்கு இருவர் உரிமை கோரியபோது, காவல்துறை பச்மரியிலிருந்த தந்தை நாயின் மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தது. அது தீர்ப்பு அல்ல, ஆனாலும் வழி காட்டுகிறது. உங்களுக்கு அதைவிட உறுதியான வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு: சோதனையின்றிக் குறையை அறிய முடியாதபோது, நுகர்வோர் ஆணையமே மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும்.

பிரீடர் இந்திய கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டுவார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்பு அரசுத் துறை அல்ல; பிரீடர் எழுதிக் கொடுத்ததை வைத்தே வம்சாவளி பதிவாகிறது. அவர் சொன்னதையே அவருக்கு ஆதாரமாக்க முடியாது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்றும் வாதிடலாம். வீட்டில் வளர்க்க வாங்கியிருந்தால் கவலை வேண்டாம். குட்டி எடுத்து விற்கும் தொழிலுக்கு என்றால், அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம்தான்.

மூட்டுக் கோளாறை மட்டும் தனியாகப் பாருங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வரும் தண்டுவடச் சிதைவு போன்ற சில நோய்களுக்கு மரபணுச் சோதனை உண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு பல மரபணுக்களும் தீனியும் உடல் எடையும் சேர்ந்து வருவது. பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேதான் அதற்கு அளவுகோல். ஆகவே எந்தச் சோதனை, எந்த ஆய்வகம், எந்த நாய் என்று சான்றிதழில் படியுங்கள். சோதனை உண்மையாக இருந்து, மூட்டைப் பற்றி அவர் வாக்குக் கொடுக்காமலும் இருந்தால், இந்தக் கோரிக்கை பலவீனமானது. எந்தக் குறையும் இல்லை என்று பொதுவாக எழுதியிருந்தால் பலமானது.

விளம்பரம், ரசீது, மைக்ரோசிப் எண், எக்ஸ்ரே ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். உறைவிந்து ஆவணங்களையும் தந்தையின் மரபணுப் பதிவையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கோலார் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். அதில் ஓராண்டு ஏற்கெனவே போயிருக்கக்கூடும், தாமதிக்காதீர்கள்.