அலுவலகத் தபாலுக்கு எந்தக் கைப்பேசி?

இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிகழ்ந்த இடமும் அயல்நாடு. ஆயினும், ஒரு ஸ்தாபனம் தன் வேலைக்கென்று ஒரு சாதனத்தை வாங்கும்போது எதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்கள் இதிலிருந்து எளிதில் கண்டுகொள்ளலாம். 2006, 2007-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த அலுவலகங்கள் பலவற்றின் முன் ஒரு கேள்வி நின்றது. வெளியே செல்லும் சிப்பந்திகளுக்கு அலுவலக மின்னஞ்சல் கைக்கே வந்து சேர வேண்டும். அதற்கு எந்தக் கைப்பேசியை வாங்குவது?

இன்று எந்தக் கைப்பேசியை வாங்கினாலும் அலுவலகத் தபால் அதில் வந்துவிடுகிறது. ஆகவே இக்கேள்வியே வேடிக்கையாகத் தோன்றக்கூடும். அன்று நிலைமை வேறு.

ஓர் அலுவலகத்தை மனத்தில் அமைத்துக்கொள்வோம். அமெரிக்க நகரம் ஒன்றில் இருபது பேர் வேலை பார்க்கும் வியாபார ஸ்தாபனம். காலம், 2006-ஆம் ஆண்டின் கடைசி. பின்னறையில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் 2003 என்னும் தபால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்க முழுநேர ஆள் இல்லை. கணக்கு எழுதுபவரே வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். ஆறு பேர் பகல் முழுதும் வெளியே சுற்றுகிறவர்கள். காலை பத்து மணிக்கு ஒரு வாடிக்கைக்காரர் ஆர்டரை ரத்துச் செய்து கடிதம் அனுப்புகிறார். மாலையில் விடுதிக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறக்கும்போதுதான் விற்பனையாளர் அதைக் காண்கிறார். அதற்குள் சரக்கு லாரி ஏறிப் போயிருக்கும். போக்குவரத்துக் கூலியும், திரும்பக் கொண்டுவரும் கூலியும், வாடிக்கைக்காரரின் கோபமும் ஸ்தாபனத்தின் தலையில் விழும். தபால் உடனே கைக்கு வருவதன் பெறுமானத்தை இதைக்கொண்டே மதிப்பிடலாம்.

அப்போது கடையில் இருந்தவை நான்கு வகை. கனடாவில் வாட்டர்லூ நகரத்து ரிசர்ச் இன் மோஷன் கம்பெனியின் பிளாக்பெர்ரி ஒன்று. பாம் கம்பெனியின் ட்ரியோ மற்றொன்று. மைக்ரோசாப்டின் விண்டோஸ் மொபைல் என்னும் மென்பொருளை ஏற்று, மோட்டரோலா, சாம்சங் முதலிய கம்பெனிகள் செய்து விற்றவை மூன்றாவது. நோக்கியாவின் ஈ வரிசை நான்காவது. 2007 ஜனவரி 9-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபோனை அறிவித்ததும் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது.

வாங்குவோர் பெரும்பாலும் பொத்தான்களையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதில் பிளாக்பெர்ரிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு கட்டைவிரல்களால் நீண்ட கடிதத்தையும் தடையின்றித் தட்டிவிடலாம். ஆனால் கையிலிருக்கும் கருவி பாதையின் கடைசி அடி மாத்திரமே. கடிதம் அலுவலகத்திலிருந்து கைக்கு எந்தப் பாதையில் வருகிறது, அந்தப் பாதை யாருடையது என்பதே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தபால்காரர் வீடு தேடி வருவது ஒன்று, நாமே தபாலாபீசுக்கு நடந்துபோய், "ஏதேனும் வந்திருக்கிறதா?" என்று கேட்பது வேறு. பழைய கைப்பேசிகள் இரண்டாவது முறையைக் கையாண்டன. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வரை அழைத்துக் கேட்கும். கடிதம் இல்லாவிட்டாலும் நடை நடைதான். ஒவ்வொரு நடைக்கும் பேட்டரி செலவாகும். அடிக்கடி கேட்டால் மாலைக்குள் கருவி செத்துவிடும். அரிதாகக் கேட்டால் கடிதம் தாமதமாகும். எக்ஸ்சேஞ்ச் 2003 வெளிவந்த புதிதில் இதற்கு ஓர் இடைவழி செய்திருந்தார்கள். கடிதம் வந்ததும் சர்வர் ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிக் கைப்பேசியைத் தட்டி எழுப்பும். அது எழுந்துபோய்த் தபாலை வாங்கி வரும். குறுஞ்செய்தி தாமதித்தால் தபாலும் தாமதிக்கும்.

பிளாக்பெர்ரி தபால்காரரையே வீட்டுக்கு அனுப்பியது. அலுவலகத் தபால் சர்வரின் பக்கத்தில் பிளாக்பெர்ரிக்கென்று தனி சர்வர் ஒன்றை அமைக்க வேண்டும். கடிதம் வந்ததும் அது கடிதத்தின் முற்பகுதியை மட்டும் எடுத்து, சுருக்கி, சங்கேதத்தால் பூட்டி, கம்பெனியின் மத்திய நிலையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கைப்பேசிக் கம்பெனியின் வழியாகக் கருவியை அடையும். மீதியைப் படிக்க விரும்பினால்தான் மீதி வரும். பூட்டின் சாவி அலுவலக சர்வரிலும் அந்தக் கருவியிலும் மாத்திரமே உண்டு. இடையிலுள்ள நிலையம் பூட்டிய பெட்டியைச் சுமந்து செல்லுமேயன்றித் திறக்க முடியாது. அலுவலகத்தின் பாதுகாப்புச் சுவரில் வெளியார் உள்ளே வருவதற்கென்று கதவு திறக்கவும் வேண்டியதில்லை. சர்வர் உள்ளிருந்தே வெளியே பேசும். 1999-இல் வந்த முதல் பிளாக்பெர்ரி சாதாரண பென்சில் பேட்டரி ஒன்றிலேயே ஓடியது என்றால், இம்முறையின் சிக்கனத்தை ஊகித்துக்கொள்ளலாம். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் தொலைபேசிகள் நெரிசலால் முடங்கியபோது இக்கருவிகளில் செய்தி போய்வந்துகொண்டிருந்தது. அதன்பின் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தன் அங்கத்தினர்களுக்கு இவற்றை வழங்கியது.

இந்தப் பூட்டு நம் நாட்டிலும் பேசப்பட்ட விஷயந்தான். 2010 ஆகஸ்டில், பாதுகாப்புக் காரணங்களுக்காகச் செய்திகளைப் பார்க்க வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்த நேரும் என்று இந்திய அரசாங்கம் கெடு விதித்தது. அலுவலகத் தபாலின் சாவி தன்னிடம் இல்லை என்றது கம்பெனி. சொந்த சர்வர் இல்லாமல் தனி நபர்கள் வாங்கிய பிளாக்பெர்ரி சேவைக்கு இத்தகைய தனிச் சாவி கிடையாது. கருவி ஒன்றே, பெயரும் ஒன்றே, பாதை வேறு. இந்த வேற்றுமையைக் கடைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்களா என்பது சந்தேகமே.

இனி, இம்முறையின் மறுபக்கம். தனி சர்வருக்கும், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமத்துக்கும், மாதந்தோறும் தனிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். நம் கணக்கருக்கு மேய்க்க ஒன்றுக்கு இரண்டு சர்வர்களாகும். அதைவிடப் பெரியது, எல்லாக் கடிதங்களும் ஒரே கம்பெனியின் நிலையத்தைக் கடக்க வேண்டும் என்பது. என்.டி.பி. என்னும் நிறுவனம் காப்புரிமையை மீறியதாக 2001-இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு ஜூரர்களின் தீர்ப்பையும் பெற்றது. அமெரிக்காவில் சேவையே நிறுத்தப்படுமோ என்ற அச்சம் பரவி, வாங்க நினைத்தவர்கள் தயங்கினர். 2006 மார்ச் 3-ஆம் தேதி 61.25 கோடி டாலர் கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. ஒரு மூலையிலுள்ள இருபது பேர் அலுவலகத்துக்கு இந்த வழக்கில் எந்தச் சம்பந்தமுமில்லை. எனினும் அதன் தபால் அவ்வழக்கின் முடிவை எதிர்பார்த்து நின்றது.

இதற்கிடையே, 2005 அக்டோபரில், எக்ஸ்சேஞ்ச் 2003-க்கு மைக்ரோசாப்ட் இரண்டாவது திருத்தத் தொகுப்பை வெளியிட்டது. ஏற்கெனவே சர்வர் வைத்திருந்தவர்களுக்கு இதற்குத் தனி விலை இல்லை. இதிலிருந்த உபாயம் மிகச் சாதுரியமானது. கைப்பேசி சர்வரிடம் நேரே போய், "புதிதாக வந்தால் சொல்" என்று கேட்கும். சர்வர் உடனே பதில் சொல்லாது. கேள்வியைக் கையில் பிடித்தபடி காத்திருக்கும். கடிதம் வந்தால் அந்தக் கணமே பதில் போகும். குறித்த நேரம்வரை வராவிட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். கைப்பேசி மறுபடியும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். இடையில் மூன்றாம் நிலையம் கிடையாது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பேச்சில்லாத இணைப்பைச் சில நிமிஷங்களில் அறுத்துவிடுவது அலுவலகப் பாதுகாப்புச் சுவரின் இயல்பு. அப்படி அறுத்தால் கைப்பேசி ஓயாமல் திரும்பத் திரும்பக் கேட்கும்; பேட்டரி தீரும். கருவியைத் திட்டிக்கொண்டு கடைக்குத் திருப்பியவர்கள் சிலர், பின்னறைச் சுவரில் ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும். மேலும், இந்த வசதியைத் தரும் மென்பொருள் விண்டோஸ் மொபைல் 5 கைப்பேசிகள் எல்லாவற்றிலும் தொடக்கத்தில் இல்லை. செய்த கம்பெனியும் இணைப்புக் கம்பெனியும் மனம்வைத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவிகளும் மந்தமானவை, நடுவில் நின்றுபோய், அணைத்து ஏற்றவேண்டி வரும்.

ட்ரியோ கையாள இனிமையானது. அதை விரும்பியவர்கள் மிக விரும்பினார்கள். ஆனால் ட்ரியோ 650 குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டு வாங்கும் வகை. தானாகத் தபால் வரவேண்டுமென்றால் குட் டெக்னாலஜி போன்ற வேறொரு கம்பெனியின் சேவையைச் சேர்த்து வாங்க வேண்டும். 2006 ஜனவரியில் பாம் கம்பெனியே, தன் சொந்த மென்பொருளை விடுத்து, விண்டோஸ் மொபைலை ஏற்ற ட்ரியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சமையற்காரரே வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்ததைப் பார்த்தும் அந்த ஹோட்டலில் கணக்கு வைத்தவர்கள் உண்டு. நோக்கியாவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். ஈ61 நல்ல கருவி. அமெரிக்காவுக்கென்று வந்த ஈ62-வில் வைஃபையும் மூன்றாம் தலைமுறை இணைப்பும் எடுக்கப்பட்டிருந்தன.

ஐபோன் 2007 ஜூன் 29-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 499, 599 டாலர். இரண்டு மாதங்கள் கழித்து 599 டாலர் கருவியின் விலை 399 ஆனது. திரையைக் கண்டு மயங்காதவர் குறைவு. ஆனால் எக்ஸ்சேஞ்ச் தபாலைத் தானாகப் பெறும் வழி அதில் இல்லை. தொலைந்தால் அலுவலகத்திலிருந்தே அழிக்கவும் வழியில்லை. இக்குறை 2008 ஜூலையில்தான் தீர்ந்தது. தீர்ந்தபின்னும் ஒரு விபரீதம் இருந்தது. கருவியில் சேமிப்பு சங்கேதத்தால் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சர்வர் நிபந்தனை விதித்தால், அந்த வசதியே இல்லாத பழைய ஐபோன்களும் "பூட்டியிருக்கிறது" என்று பதில் சொல்லி வந்தன. 2009 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவை உண்மையைச் சொல்லத் தொடங்கின. அத்தகைய நிபந்தனை வைத்திருந்த அலுவலகங்களில் அன்றே அவற்றுக்குத் தபால் நின்றது.

தொலைவதைப் பற்றி இவ்விடத்திலேயே சொல்லிவிடலாம். டாக்சியில் விட்டுவிட்டு வந்த கருவியில் விலைப்பட்டியலும் வாடிக்கைக்காரரின் கணக்கும் கிடக்கின்றன. பிளாக்பெர்ரியையும், எக்ஸ்சேஞ்சின் புதிய திருத்தத்தோடு இயங்கிய கைப்பேசிகளையும் அலுவலகத்திலிருந்தே கட்டளையிட்டு அழிக்கலாம். எனினும் கட்டளை போய்ச்சேரக் கருவிக்கு சிக்னல் வேண்டும். கண்டெடுத்தவர் அணைத்துவிட்டால் கடவுச்சொல் ஒன்றுதான் காவல். பிளாக்பெர்ரியில் பத்துமுறை தவறாக அழுத்தினால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கடவுச்சொல்லே வைக்காமல், "அவசரத்துக்கு உதவாது" என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு எந்தக் கம்பெனியும் உதவியிருக்க முடியாது.

ஆக, நம் இருபது பேர் அலுவலகம் எதை வாங்கியிருக்க வேண்டும்? நூற்றுக்கணக்கான சிப்பந்திகளும், சர்வருக்கென்று ஆட்களும், மிகுந்த ரகசியமும் உள்ள ஸ்தாபனமாயின் பிளாக்பெர்ரி என்றே சொல்லியிருப்பேன். இந்த அலுவலகத்துக்கோ, பொத்தான்கள் சற்று மட்டமானாலும், தன் சர்வரோடு நேரே பேசும் கைப்பேசிதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ஆறு பேருக்கும் ஒரே நாளில் வாங்காமல், முதலில் இருவருக்கு வாங்கி, சுவரிலுள்ள எண்ணைச் சரிசெய்து, இரண்டு மாதம் பார்த்திருக்கலாம். இணைப்புக் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்ட காலம் அது.

பின்னர் நடந்தவை இவ்வபிப்பிராயத்துக்கு ஓரளவு சாதகமாகவே இருந்தன. 2007 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு வட அமெரிக்காவில் பிளாக்பெர்ரித் தபால் பல மணி நேரம் நின்றது. போதிய சோதனையின்றிச் சேர்த்த ஒரு மென்பொருள் மாற்றமே காரணம் என்று கம்பெனி தெரிவித்தது. 2008 பிப்ரவரியில் மறுபடியும் நின்றது. 2011 அக்டோபரில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பரவி, அமெரிக்காவையும் எட்டி, மூன்று நாட்கள் தடுமாறியது. ஒவ்வொரு முறையும் அலுவலகங்களின் சொந்த சர்வர்கள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. மறுபுறம், ஆப்பிள் கம்பெனி 2008-இல் மைக்ரோசாப்டின் அந்தத் தபால் முறைக்கே உரிமம் வாங்கி ஐபோனில் சேர்த்தது. நோக்கியாவும் பாமும் முன்பே அதை ஏற்றிருந்தன. சர்வரோடு நேரே பேசும் வழியில் சென்ற அலுவலகம் மந்தமான தன் கருவிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, பின்னறையில் எதையும் மாற்றாமல், புதிய கைப்பேசிகளை வாங்கிக்கொள்ள முடிந்தது. பிளாக்பெர்ரி சர்வரில் பணம் போட்டவர்களுக்கு, கைப்பேசியை மாற்றுவது பாதையையே மாற்றுவதாயிற்று.

கருவிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாம் கம்பெனியை 2010-இல் ஹெச்.பி. வாங்கி, அடுத்த ஆண்டே அக்கைப்பேசிகளைக் கைவிட்டது. பிளாக்பெர்ரி கம்பெனி தானே கைப்பேசி தயாரிப்பதை 2016-இல் நிறுத்தி, பழைய கருவிகளுக்கான சேவையை 2022 ஜனவரி 4-ஆம் தேதி முடித்துக்கொண்டது.

அத்தகைய கருவி ஏதேனும் அங்கத்தினர் எவருடைய மேஜை அறையிலாவது கிடக்குமாயின் ஒரு வார்த்தை. பழைய கடிதங்கள் அதனுள் இன்னும் இருக்கலாம். அலுவலகத்திலிருந்து அழிக்கும் கட்டளை இனி அதை வந்தடையாது. பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் மின்சாரம் ஏற்றி, கருவியிலுள்ள அழிக்கும் வசதியைக் கையாலேயே இயக்கி, பேட்டரி உப்பியிருந்தால் மின்சாரம் ஏற்றாமல், மின்கழிவு வாங்குபவரிடம் அப்படியே ஒப்படைத்து, நினைவக அட்டையை மாத்திரம் கழற்றி வைத்துக்கொள்க.