தேக்குத் தூண்கள் தாங்கும் வீடு

ஒரு மரக்கட்டையை மண்ணில் நட்டு வையுங்கள். சில மழைக்காலங்களுக்குள் அதன் அடிப்பாகத்தைக் கரையான் அரித்துவிடும். அல்லது அது உளுத்துப் போகும். ஆனால் செட்டிநாட்டின் பழைய வீடுகளில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக மரத்தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. இது எப்படி முடிந்தது?

பர்மாவிலிருந்து வந்த மரம்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அமைந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் செட்டிநாடு எனப்படுகின்றன. விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901), கீழ்ப் பர்மா 1852-லும் மேல் பர்மா 1885-லும் பிரிட்டிஷார் வசமாயின. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் நல்ல சந்தை கிடைத்தது. நெல் விளைவிக்கக் கடன் கொடுத்த நகரத்தார் பெரும் பொருள் ஈட்டினர். அந்தப் பொருளும் பர்மாத் தேக்கும் கப்பலேறி வந்து இங்கே வீடுகளாக எழுந்தன.

பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும். எனவே அன்றைய பர்மாவில் மரத்தை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும், நீரைக் கடத்தும் வெளிறு எனும் வெளிப்பகுதியையும் வளையமாகச் செதுக்கி விடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போய், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நன்கு உலரும். பிறகு வெட்டித் தெப்பமாகக் கட்டி, ஐராவதி ஆற்றில் ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள்.

வைரத்தின் வலிமை

‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோமல்லவா? வைரம் என்பது மரத்தின் நடுப்பகுதி. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கரையானுக்கு இது ஆகாது. தேக்கின் அறிவியல் பெயர் டெக்டோனா.

மரத்தின் நார்கள் நெடுக்காக ஓடுகின்றன. நார்களின் திசையில் அழுத்தினால் மரம் மிகுந்த பாரம் தாங்கும். குறுக்காக அழுத்தினால் அவ்வளவு தாங்காது. ஆகவேதான் மரம் வளர்ந்த வாக்கிலேயே தூணையும் நிறுத்துகிறார்கள்.

கல்லும் ஓடும்

மரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது உலர்ந்தும் இருக்க வேண்டும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், அதை உளுக்கச் செய்யும் காளான்கள் வளர முடியாது.

செட்டிநாட்டுத் தூண்கள் மண்ணைத் தொடுவதில்லை. கருங்கல் பீடத்தின் மேல் நிற்கின்றன. மண்ணின் ஈரம் கருங்கல்லின் வழியே எளிதில் ஏறாது. கரையான் ஏறினாலும், கல்லின் மேல் அது கட்டும் மண்குழாய் கண்ணில் பட்டுவிடும், உடனே துடைத்துவிடலாம்.

வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றிய ஓட்டுக் கூரை, தூண்களைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். மழைநீர் தூணின் மேல் படாமல் முற்றத்தில் விழுந்து வெளியேறும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து செல்வதால் வீட்டில் காற்றோட்டமும் உண்டு.

ஓர் ஓடு உடைந்தால்...

1942-ல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. நகரத்தார் பலர் அங்கிருந்த சொத்துகளை இழந்தனர். பிற்காலத்தில் குடும்பங்கள் வேறு ஊர்களுக்குச் சென்றதால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். செப்பனிடும் செலவை யார் ஏற்பது? ஓர் ஓடு உடைந்தாலும் உத்தரத்தில் நீர் சொட்டும். எத்தனை உறுதியான தேக்கும் ஓயாத ஈரத்துக்கு முன் தோற்றுவிடும். சில வீடுகள் பிரிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்குப் போகின்றன. தூணை யாரும் வாங்கலாம். ஆனால் கல், மரம், ஓடு, முற்றம் நான்கும் சேர்ந்து ஒன்றையொன்று காத்த அமைப்பை விலைக்கு வாங்க முடியாது.

நீங்களே பாருங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் உள்ளன. அப்படி ஒரு வீட்டைக் கண்டால் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: தூணின் அடியில் என்ன இருக்கிறது? கூரை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது? மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது? விடைகளைப் படமாக வரைந்து வகுப்பில் காட்டுங்கள்.