மாத்திரைக்கு ஒன்று, சட்டத்துக்கு இரண்டு

கேள்வி: சட்டம் அமலுக்கு வந்ததை ஆங்கிலத்தில் 'கம் இன்டு ஃபோர்ஸ்' என்று எழுதுவதா, 'டேக் எஃபெக்ட்' என்று எழுதுவதா?

பதில்: சட்டத்துக்கு இரண்டும் சரி. காய்ச்சல் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு 'டேக் எஃபெக்ட்' பொருந்தும். 'ஃபோர்ஸ்' அங்கே ஒட்டாது. அதைவிட முக்கியம், சட்டம் நிறைவேறிய நாளுக்கு இந்தத் தொடர்களைப் போட்டுவிடாதீர்கள். பத்திரிகைகளிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. நம் அரசியலமைப்பை நிர்ணய சபை ஏற்றது 1949 நவம்பர் 26. குடியுரிமை, தேர்தல் போன்ற சில பிரிவுகள் மட்டும் அன்றே அமலாயின. மற்றவை 1950 ஜனவரி 26-இல்தான். 394-ஆம் பிரிவை ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள். இரண்டு தேதிக்கும் 'கம் இன்டு ஃபோர்ஸ்' என்றே இருக்கும்.