கொக்கிப்புழுவும் மலப் பரிசோதனையும்

வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவருக்குக் கொக்கிப்புழு புதிய பகையன்று. ஈர மண்ணிலுள்ள அதன் இளம்புழு பாதத்தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியே இறங்கிச் சிறுகுடலில் தங்கிவிடுகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. நாற்று நடக் குனிந்தால் மூச்சு வாங்கும் பெண்ணை, ‘சோம்பேறி’ என்று வீட்டார் ஏசக் கேட்டிருக்கிறோம். அது சோம்பலன்றிப் புழுவால் வந்த சோகையாகவும் இருக்கலாம். அதனை அறியவே மலப் பரிசோதனை தேவைப்படுகிறது.

பரிசோதனையில் தேடுவது புழுவையன்று, அதன் முட்டையை. சிறிதளவு மலத்தை ஒரு சொட்டு உப்புநீரில் கலக்கிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் நோக்குவது எளிய முறை. முட்டைகள் சிலவே இருப்பின் இதில் தப்பிவிடக்கூடும். எனவே மிதக்க வைக்கும் முறையும் உண்டு. நன்றாக உப்பேறிய கரைசலில் மலத்தைக் கலக்கிக் குப்பியை விளிம்புவரை நிரப்பி, மேலே தகட்டை வைத்தால், இலேசான முட்டைகள் மிதந்து வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதரை நீக்கும் விவசாயிகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

தொற்றின் கடுமையை அளப்பது காட்டோ-காட்ஸ் முறை. 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்தெடுத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் மூடி, முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்குவர். கிராமுக்கு 4,000-மும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையான தொற்று. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியதாகையால், தகடு தயாரான 30 முதல் 60 நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும்; தாமதித்தால் முட்டை கண்ணுக்குப் புலப்படாது.

சோதனைச்சாலை எவ்வளவு சிறந்ததாயினும், மாதிரி கெட்டிருப்பின் பயனில்லை. காலையில் எடுத்ததை மறுநாள் சந்தைக்குப் போகும்போது கொடுப்போம் என்று வைத்திருப்பது தவறு. நம் நாட்டு வெப்பத்தில் ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். மண், சிறுநீர், தண்ணீர் எதுவும் கலவாமல், மூடியுள்ள உலர்ந்த குப்பியில் எடுத்து அன்று காலையிலேயே சேர்ப்பிக்க வேண்டும். முட்டை நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆகவே ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததை முடிவாகக் கொள்ளாது, வெவ்வேறு நாட்களில் மும்முறை சோதிப்பது நலம்.

2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் அதோடு நின்றுவிடாமல், சேற்றில் உழைக்கும் பெரியவர்களையும் நினைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் பேசி ஒரு நாளைக் குறித்து, தெருவாரியாகக் குப்பிகளைத் திரட்டி ஒரே வண்டியில் அனுப்பலாம். குப்பியின்மேல் பெயர், வயதுடன் மாதிரி எடுத்த நேரத்தையும் எழுதுவித்தல் அவசியம்.