தரவுக்கும் காவல் உண்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள பழமையான தெருக்களுள் ஒன்று சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள் ‘சூலியா’ என அழைக்கப்பட்டனர். அவர்களின் பெயரே இத்தெருவுக்கு நிலைத்துவிட்டது. அக்கால வணிகர்கள் வாடிக்கையாளரின் கணக்கைப் பேரேட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தனர். இன்று இங்குள்ள தங்கும் விடுதிகளும் கடைகளும் வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் போன்றவற்றைக் கணினியில் சேமிக்கின்றன.

பேரேடு களவு போனால் உரியவருக்கு உடனே தெரிந்துவிடும். தரவு களவு போனாலோ, மூலக்கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் நகல் மட்டும் பிறர் கைக்குப் போய்விடும். 2017ஆம் ஆண்டு மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதைய மக்கள்தொகையைவிட அந்த எண்ணிக்கை அதிகம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை எண்ணை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. நம் பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லிப் பேசும் மோசடிக்காரரை நம்பிப் பலர் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய கேட்டைத் தடுக்க இயற்றப்பட்டதே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. இது 15 நவம்பர் 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் ஏழு கொள்கைகளைக் கொண்டது. சூலியா தெருவில் உள்ள ஒரு விடுதியைக் கற்பனை செய்து பார்த்தால் அவை எளிதில் விளங்கும். விடுதி, விருந்தினரின் இசைவோடு தரவைப் பெற வேண்டும். எதற்காகப் பெறுகிறது என்பதை அறிவிக்க வேண்டும். வேறு நோக்கத்திற்காகப் பிறரிடம் வெளியிடக் கூடாது. பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். தரவு பிழையின்றி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். விருந்தினர் தம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் இடமளிக்க வேண்டும்.

தொழில்நுட்பச் சட்ட வழக்கறிஞரின் பணி இங்கே தொடங்குகிறது. அவர் வழக்கு மன்றத்தில் வாதாடுவதோடு நிற்பதில்லை. நிறுவனம் எந்தத் தரவைப் பெறுகிறது, யார் அதைப் பார்க்கின்றனர், எங்கே சேமிக்கின்றனர் என்று கேட்டறிகிறார். தேவையற்ற தரவைக் கேட்க வேண்டாம் என அறிவுறுத்துகிறார். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வழங்க வேண்டிய அறிவிப்பை எழுதித் தருகிறார். கேடு நேர்ந்த பின் வாதாடுவதைவிட, அது நேராமல் தடுப்பதே அவருடைய பெரும்பணி எனலாம்.

இச்சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. இத்திருத்தத்தின்படி, பெருங்கேடு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பது 1 ஜூன் 2025 முதல் கட்டாயமாயிற்று. அதற்கான கால வரம்பு 72 மணி நேரம். கொள்கைகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. எனவே, கசிவு நேரும்போது கணினி வல்லுநர் அதன் வழியை அடைக்க, வழக்கறிஞர் யாருக்கு, எப்போது, என்ன தெரிவிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவுகிறார்.

எனினும், இச்சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கே பொருந்தும்; கூட்டரசு, மாநில அரசுகளை இது கட்டுப்படுத்தாது. சட்டம் எதுவரை காக்கிறது என்பதை மட்டுமல்லாமல், எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் வழக்கறிஞர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இத்துறையில் ஈடுபட விரும்புவோர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான கல்வியை முடித்து, அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் பெற வேண்டும். பின்னர், அனுபவமிக்க வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சியை முடித்து, உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட வேண்டும். கணினி அமைப்புகள் இயங்கும் விதத்தையும் தொடர்ந்து கற்க வேண்டும். மொழித்திறனும் இத்துறைக்கு இன்றியமையாதது. இசைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முதியவர் ஒருவருக்கு அதன் பொருளைத் தெளிந்த தமிழில் விளக்கத் தெரிந்த வழக்கறிஞர், அவருடைய உரிமையை அவருக்கே உணர்த்துகிறார். தன் உரிமையை அறிந்தவரே ‘இந்த விவரம் உங்களுக்கு எதற்கு?’ என்று தயங்காமல் கேட்பார்.