அப்பாவோடு நாயாற்றுக்கு

கேள்வி: 1984இல் நாயாற்றிலிருந்து இடம்பெயர்ந்தவர் எங்கள் அப்பா. பிள்ளைகளோடு அவரையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் மனக்காயம் ஆறுமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: ஆறலாம். ஆனால் அவரே "போவம்" என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். வற்புறுத்திக் கூட்டிப்போனால் பழைய பயத்தைக் கிளறிவிடும்.

போரும் சுனாமியும் தனி மனிதரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைத்தன என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. குடும்பமாகப் போவதன் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

முதல் நாளே, போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் போக வேண்டாம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வீதியில் தெற்கே போனால் நாயாற்றுப் பாலம் வரும். அங்கே இறங்கி, களப்பில் வலை வீசுவதைப் பேரப்பிள்ளைகளுக்கு அப்பாவே விளக்கட்டும். ஊரை அறிந்தவராக, சொல்லிக்கொடுக்கிறவராக அவர் நிற்பது பெரிய காரியம். வைகாசியில் போனால் இன்னும் நல்லது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும். புலம்பெயர்ந்த சொந்தங்களும் அந்த நாட்களில் வந்து கூடும்.

காடு பார்க்கும் ஆசையில் பிள்ளைகள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. அப்பாவுக்கு நித்திரை கெட்டால், சத்தத்துக்குத் திடுக்கிட்டால், பயணத்தை அங்கேயே நிறுத்தி உளநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.