பலி என்றால் என்ன?

பலி என்றாலே நம்மில் பலருக்குக் கொடுத்து வாங்கும் கணக்குதான் நினைவுக்கு வரும். நேர்ந்துகொண்டோம், செலுத்தினோம், காரியம் நடந்தது! ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டே பழகிய எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையில் அது வேறு. ஆடு, புறா எதையும் கொண்டுவராமல் இயேசு தம்மையே கொடுத்தார். பலியிடுகிறவரும் அவரே, பலியும் அவரே.

அந்த வழியில் போனவர் போலந்துப் பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே. 1941 ஜூலை கடைசியில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கினார்கள். அவர்களில் கயோவ்னிச்செக் என்பவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். கோல்பே வரிசையை விட்டு வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்பக் கேட்டார். அனுப்பினார்கள். இரண்டு வாரமாகியும் உயிர் போகவில்லை. ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டார்கள்.

கயோவ்னிச்செக் பிழைத்து ஊர் திரும்பினார். மனைவி இருந்தார். இரண்டு மகன்களும் 1945இல் போரில் இறந்திருந்தார்கள்.

"அப்போ பாதிரியார் செத்தது வீண்தானே, தாத்தா?" என்றாள் என் பேத்தி. பலனை எண்ணிக் கொடுத்திருந்தால் வீண்தான், அம்மா. அவர் அந்த மனிதருக்காக அல்லவா கொடுத்தார்?

1982இல் ரோமில் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது கயோவ்னிச்செக் அங்கே இருந்தார். 1995இல், 93 வயதில் காலமானார்.